சமையல்காரியைக் கடலில் தள்ளிய கப்பித்தான்

படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற மனிதரை ஊரே கப்பித்தான் என்றுதான் கூப்பிட்டது. அவர் அதைக் கப்பல் தலைவன் என்ற பட்டமாகவே எடுத்துக்கொண்டார். என்ன அர்த்தத்தில் கூப்பிடுகிறார்கள் என்று ஒருநாளும் விசாரிக்கவில்லை. சிலருக்குக் காது அப்படி வசதியாக அமைந்துவிடுகிறது.

ஆறு கடலைத் தொடுகிற இடத்தில் தண்ணீர் அகன்று கிடக்கும். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவில் ஒரு மோட்டார் படகு. போகும், வரும், மறுபடியும் போகும். அதற்கு டிக்கெட் கொடுக்கிற தகரக் கூண்டின் ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. ஆகவே கப்பித்தான் தம் உத்தியோக காலம் முழுவதும் தண்ணீருக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். படகில் ஒருதரம் கூட ஏறியதில்லை. கேட்டால், "பொறுப்புல இருக்கறவன் இடத்தை விட்டு நகரக்கூடாது" என்பார். உண்மைக் காரணம் அவர் மனைவிக்குத் தெரியும். ஊஞ்சலில் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர் பையைத் தூக்கி மேலே வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது தொட்டில் ஆட்டுகிற வேலையை அவரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளை தூங்குவதற்குள் இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

இப்பேர்ப்பட்ட வீரர்தான் கடற்போர் நாவல் எழுதினார்.

உள்ளூர் அச்சகத்துக்காரர் ஒருவர் ஞாயிறுதோறும் ஒரு பத்திரிகை போட்டுக்கொண்டிருந்தார். அதில் தொடராக வந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கதை. தலைப்பில் ஒரு புலியும் ஓர் அலையும் உண்டு. எந்த ராஜா, எந்த தேசம் என்றெல்லாம் கேட்கக்கூடாது. கேட்டால், "ஆராய்ச்சி நடக்குது" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிடுவார். கதாநாயகன் கப்பற்படைத் தளபதி. மார்பு, இரட்டைக் கதவு அகலம். மீசையில் எலுமிச்சம்பழம் நிற்கும். எழுதியவருடைய மீசை இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் இருந்த நாள் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லி வைப்பது நியாயம்.

வீரன் என்றால் குதிரை வேண்டாமா? கொடுத்தார். வெள்ளைக் குதிரை. அது கப்பலின் மேல்தளத்தில் நாலுகால் பாய்ச்சலில் ஓடி, விளிம்பு வரைக்கும் போய், கடலைப் பார்த்துக் கனைத்துவிட்டுத் திரும்பி வரும். குதிரைக்குத் தீனி ஏது என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டார். மறுவாரம் குதிரை கயிற்றைத் தின்றது. பாய்மரக் கயிற்றைக் குதிரை தின்றால் கப்பல் எப்படி நகரும் என்று அதே வாசகர் கேட்டார். அதற்கடுத்த வாரம் குதிரை செத்துப்போயிற்று. அந்த அத்தியாயம் முழுக்கத் தளபதி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். இது பின்னால் வேண்டியிருக்கும், மறந்துவிடக் கூடாது.

ஓர் இளவரசியும் இருந்தாள். அவளுக்குக் கடத்தப்படுவதுதான் உத்தியோகம். ஒரு வாரம் கடத்துவார்கள், மறுவாரம் மீட்பார்கள். நடுவில் பாவம் தலை வாரிக்கொள்ள நேரம் கிடைத்ததாக எங்கும் எழுதப்படவில்லை.

கடலைப் பற்றிக் கப்பித்தானுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம்தான். அதனால் அவருடைய போர்க்கப்பல்கள் ஆள் நிறைந்தால்தான் கிளம்பின. எதிரி நாடு எப்போதும் எதிர்க்கரையில் இருந்தது. அங்கே கொடியில் துணி காய்வது இங்கிருந்தே தெரியும். கொள்ளைக்காரர்கள் கப்பலில் குதிக்காமல் பலகை வழியாக ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். ஒரு பெரும் போரின் உச்சத்தில் தளபதி எதிரிகளைப் பார்த்து, "இடிக்காமல் வரிசையாக வாருங்கள்!" என்று கர்ஜித்ததை அச்சகத்துக்காரர் கடைசி நேரத்தில் பார்த்து எடுத்துவிட்டார். இல்லாவிட்டால் சரித்திரம் சந்தி சிரித்திருக்கும்.

கற்பனையில் கூட ரொம்ப தூரம் போக அவர் வயிறு இடம் கொடுக்கவில்லை. ஆட்களை வீட்டிலிருந்தே பிடித்துப் போட்டார். மனைவியின் தம்பிதான் அந்த மோட்டார் படகை ஓட்டுகிறவன். அவனுக்கு ஒரு வாரம் கண்கட்டி வந்து ஒரு கண் வீங்கிக் கிடந்தது. அந்த வாரமே நாவலில் ஒற்றைக்கண் கொள்ளைத் தலைவன் தோன்றினான். தம்பிக்கு ஒரே குஷி. கண் சரியான பிறகும் கறுப்புத் துணியை ஒரு கண்ணில் கட்டிக்கொண்டு படகு ஓட்டினான். "மாமா, அடுத்த வாரம் எங்க கொள்ளையடிக்கறேன்?" என்று கூண்டுக்குள் தலையை நீட்டிக் கேட்டுவிட்டுத்தான் இன்ஜினைக் கிளப்புவான்.

கப்பலின் சமையல்காரி, கப்பித்தானின் மனைவி. ஒளித்து மறைக்க அவருக்குத் தெரியவில்லை. அந்த அம்மாளுக்கு எதைச் சொன்னாலும் கடைசியில் "சொல்லிட்டேன்" போட்டு முடிக்கிற பழக்கம். பால் பொங்குது, சொல்லிட்டேன். மழை வரும், துணியை எடுங்க, சொல்லிட்டேன். தெருவில் அவளுக்குப் பெயரே சொல்லிட்டேன் அக்கா. நாவலில் சமையல்காரி வாயைத் திறந்த முதல் வரியிலேயே, "புகை வருது, சொல்லிட்டேன்" என்றாள். தெரு முழுக்கக் கைகொட்டிச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது அவளுக்கு.

அவளில்லாமல் அந்த நாவல் ஒரு வரி நகராது என்பது வேறு விஷயம். கப்பித்தானின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். உலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவிதான். சாயங்காலம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, சமையலறை மேடையில் நின்றபடியே அழகாகப் படி எடுத்துக் கொடுப்பாள். அச்சகத்துக்கு அதுதான் போகும்.

வினை அங்கேதான் முளைத்தது. டிக்கெட் ஜன்னலில் வந்து நிற்பவர்கள் தளபதியைப் பற்றிப் பேசவில்லை. "சமையல்காரி இந்த வாரம் என்ன சொன்னாங்க?" என்றுதான் கேட்டார்கள். முதலில் கப்பித்தான் புன்னகைத்தார். பிறகு புன்னகை சுருங்கியது. பிறகு சில்லறை இருந்தும் இல்லை என்றார்.

ஒரு சாயங்காலம் படி எடுத்துக்கொண்டிருந்த மனைவி பேனாவை நிறுத்தினாள்.

"ஏங்க, இவ்வளவு பெரிய புயல் அடிக்குது. இந்தத் தளபதிக்கு ஒரு வாந்தி கூட வராதா?"

"அவன் மாவீரன்."

"மாவீரனுக்கு வயிறு கிடையாதா?"

"கடல்லயே பொறந்து கடல்லயே வளர்ந்தவன். உனக்கென்ன தெரியும் கடலைப் பத்தி?"

"எனக்குத் தெரியாதுதான். ஆனா உங்களைத் தெரியும். ஒரு வாளித் தண்ணி ஆடினாலே உங்க முகம் போற போக்கு எனக்குத்தானே தெரியும். ஒரே ஒரு வாந்தி போடுங்க, நம்பற மாதிரி இருக்கும், சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். கப்பித்தான் தாளைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து போனார். கையில் வாள் இல்லாத வீரர்கள் பழிவாங்க வேறு வழி வைத்திருக்கிறார்கள்.

அதற்கு ஏற்றாற்போல் வெளியூரில் மனைவியின் சித்தி காலை உடைத்துக்கொண்டாள். இவள் ஒத்தாசைக்காக அங்கே போய்ச் சில நாள் தங்க வேண்டியதாயிற்று. கப்பித்தான் அந்த வார அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு நேராக அச்சகத்துக்கே போய், தட்டச்சு செய்கிற பெண்ணின் எதிரே நின்று வாயாலேயே சொன்னார். வெறுமனே சொல்லவில்லை, நடித்தும் காட்டினார். அலை எப்படி எழுந்தது என்று காட்ட இரண்டு கையையும் வீசினார். அந்தப் பெண்ணின் டீ கம்ப்யூட்டர் விசைப்பலகை மேல் கவிழ்ந்தது. அச்சகத்துக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"சார், உங்க கால்ல விழறேன். இனிமே எழுதிக் கொடுங்க. நடிச்சுக் காட்டாதீங்க. உங்க புயலுக்கு என் ஆபீஸ் தாங்காது."

ஆனாலும் அத்தியாயம் அச்சாகிவிட்டது.

மனைவி ஊரிலிருந்து வந்த அன்று, தைக்கக் கொடுத்த துணியை வாங்கத் தையற்காரி கடையில் ஏறினாள். தையற்காரி இவளைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் விரலை வைத்தாள்.

"அடடா, உயிரோட வந்துட்டீங்களே அக்கா!"

"ஏன், எனக்கென்ன?"

"உங்க வீட்டுக்காரர் உங்களைக் கடல்ல தள்ளிட்டாரே! தெருவே துக்கத்துல இருக்கு. இந்தாங்க, நீங்களே படிச்சுப் பாருங்க."

துணி வெட்டுகிற மேஜை மேல் பத்திரிகையை விரித்தாள். அக்கா நின்றபடியே படித்தாள்.

'"பாயைச் சுருட்டு!" என்று முழங்கினான் தளபதி. அந்தக் குரலுக்கு இடியே ஒதுங்கி நின்றது. மாலுமிகள் பாய்மரத்தில் தாவி ஏறினர். அந்தோ! அடுக்களை வாசலில் நின்று, "அடுப்பு அணையுது, சொல்லிட்டேன்" எனக் கூவிய சமையல்காரியை ஒரு பேரலை வாரிக்கொண்டு போயிற்று. தளபதி ஒரு கணம் கண் மூடினான். பின்னர், "கடமை பெரிது" எனக் கூறி மீசையைத் தடவிக்கொண்டான்.'

அவ்வளவுதான். அடுத்த வரியில் இளவரசியைக் கடத்திவிட்டார்கள்.

அக்கா இரண்டு தரம் படித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "குதிரைக்கு ஒரு வாரம் பூரா அழுதான். எனக்கு மீசையைத் தடவினான்."

"ஒரு கயிறாவது தூக்கிப் போட்டிருக்கலாம் அக்கா."

"கயிறு எங்க இருக்கு? அதான் குதிரை தின்னுடுச்சே."

அன்று கப்பித்தான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அவருடைய படுக்கைப் பாய் சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி, வாசல் கதவோரம் நிறுத்தி வைத்திருந்தது. மனைவி உள்ளே கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதென்ன?"

"பாயைச் சுருட்டுன்னு தளபதி உத்தரவு போட்டிருக்காரு. சுருட்டிட்டேன். இதுதான் நான் கடைசியாப் பேசற பேச்சு. இனிமே நான் செத்தவ. செத்தவ பேசமாட்டா, செத்தவ உங்களுக்குச் சமைக்கமாட்டா, செத்தவ உங்க கிறுக்கலைப் படி எடுக்கவும் மாட்டா. சொல்லிட்டேன்."

கப்பித்தான் இதை விளையாட்டு என்று நினைத்தார். காலையில் காப்பி கேட்டார். பதில் இல்லை. சத்தமாகக் கேட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த தம்பியிடம் அக்கா சொன்னாள், "டேய், செத்துப்போனவளை யாரோ காப்பி கேக்கறாங்க. காதுல விழுதா உனக்கு?"

"விழுது அக்கா. பாவம், பாசம் விட்டுப்போகலை போல."

தெரு முழுக்க இந்த நாடகத்துக்குள் குதித்துவிட்டது. தையற்காரி கூண்டு ஜன்னலில் டிக்கெட் வாங்கும்போது குரலைத் தாழ்த்தி, "ரொம்ப நல்ல மனுஷி சார். உங்க சட்டைக்குப் பித்தான் தைக்கறப்ப எல்லாம் நினைச்சுக்கறேன்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். செத்துப்போன அக்கா அவருக்குப் பின்னாலேயே காய்கறிப் பையுடன் நடந்துபோய்க்கொண்டிருந்தாள். கப்பித்தான் பல்லைக் கடித்துக்கொண்டார். ஓட்டலில் சாப்பிட்டு வயிறு கெட்டது. ஆனாலும் வீம்பு மட்டும் கெடாமல் இருந்தது.

"பேனா என் கையில இருக்கு. அடுத்த அத்தியாயத்தை நானே அழகா எழுதிக் கொடுப்பேன்" என்று சுவரைப் பார்த்துச் சபதம் செய்தார். நாக்கை வெளியே நீட்டி, ஒவ்வொரு எழுத்தாக, ஒரு நாள் பூராவும் எழுதினார். பார்க்க அவருக்கு அச்சடித்தாற்போல் இருந்தது. அச்சகத்துப் பெண் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள், பிறகு கடவுள் விட்ட வழி என்று அடித்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. 'வடதிசையிலிருந்து ஒரு கரும்புயல் கிளம்பியது' என்று கப்பித்தான் எழுதியிருந்தார். பத்திரிகையில், 'வடதிசையிலிருந்து ஒரு கருமுயல் கிளம்பியது. அதைக் கண்டு கப்பல்கள் சிதறின' என்று வந்திருந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கொள்ளைக்காரர்கள் தளபதியைச் சுற்றி வளைத்த கட்டம். 'கடுஞ்சினம் கொண்ட தளபதி வாளை உருவினான்' என்று இவர் எழுதியது, 'கடுஞ்சினம் கொண்ட தளபதி வாழையை உரித்தான். எதிரிகள் நடுநடுங்கி மண்டியிட்டனர்' என்று ஆகிவிட்டது.

திங்கட்கிழமை படகுத்துறையில் கூட்டம் அலைமோதியது. அக்கரையில் வேலை இல்லாதவர்கள் கூட டிக்கெட் எடுத்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாழைப்பழம். ஜன்னலுக்கு முன்னால் நின்று மெதுவாகத் தோலை உரித்துவிட்டு, "நடுங்கலையா சார்?" என்றார்கள். தம்பி படகிலிருந்து கத்தினான், "மாமா, முயல் வருது, கப்பலைக் கட்டுங்க!"

அச்சகத்துக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை.

"சார், இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி. அது ஒழுங்கா வந்தா சொன்ன மாதிரி புத்தகமாப் போடறேன். அட்டையில உங்க பேரைக் கொட்டை எழுத்துல போடறேன். இன்னொரு தடவை முயல், வாழைன்னு வந்தா, கடைசி அத்தியாயம் வர வேண்டிய இடத்துல வார பலன் போட்டுடுவேன். அதோட கதை குப்பைக்குத்தான். வீட்டம்மாவை எழுதச் சொல்லுங்க."

"அவங்க..." கப்பித்தான் கனைத்துக்கொண்டார். "அவங்க இப்ப இல்லை."

"அதான் இப்ப மார்க்கெட்ல பார்த்தேனே!"

புத்தகம். அட்டையில் பெயர். கப்பித்தான் இருபது வருஷமாகத் தூக்கத்தில் தடவிப் பார்த்த அட்டை அது. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் ஏறிப்போகத் துண்டுச்சீட்டுக் கிழித்துக் கொடுத்த மனிதருக்குத் தாமும் எங்கேயோ போய்ச் சேர்ந்த மாதிரி இருக்க, அது ஒன்றுதான் மிச்சம். அவரைக் கேலி செய்வது சுலபம், செய்யவும் வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர் சாயங்காலம் வீட்டுக்கு நடந்த நடை, பார்க்கச் சகிக்காத நடைதான்.

வீட்டில் தம்பியும் அக்காவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கப்பித்தான் சுருட்டி வைத்த தம் பாயின் மேலேயே உட்கார்ந்தார்.

"மச்சான், உங்கக்காகிட்ட சொல்லு. சமையல்காரியைத் திரும்பக் கொண்டு வர வழியில்லை. தண்ணியில போய் ரெண்டு வாரம் ஆயிடுச்சு. அச்சுல வந்ததை அழிக்க முடியுமா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா தட்டைப் பார்த்தபடி சொன்னாள், "தம்பி, செத்தவங்களுக்கு எல்லாம் தெரியும்னு சொல்வாங்கல்ல? அவரு என்ன எழுதினாரு? பாயைச் சுருட்டுன்னு."

"ஆமா, கப்பல் பாய்" என்றார் கப்பித்தான்.

"கப்பல்ல கட்டற பாயா, படுக்கற பாயான்னு அடுப்படியில நிக்கறவளுக்கு எப்படித் தெரியும்? நம்மளைத்தான் சுருட்டிக்கிட்டுக் கிளம்பச் சொல்றாருன்னு நினைச்சா. ரோஷக்காரி. படுக்கைப் பாயைச் சுருட்டி இறுக்கிக் கட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டா. அப்பத்தான் அலை வந்துது. சுருட்டின கோரைப் பாய் முழுகுமா? அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே மிதந்து போய்க் கரை ஏறிட்டா. கப்பலும் பாயாலதான் போச்சு, அவளும் பாயாலதான் போனா. அவருக்குச் சொல்லிடு, சொல்லிட்டேன்."

கப்பித்தான் தாம் உட்கார்ந்திருந்த பாயைக் கையால் அழுத்திப் பார்த்தார். அவர் எழுதிய அத்தனை வாரத்திலும் இப்படி ஒரு திருப்பம் வந்ததில்லை. அது அவருக்கே தெரிந்தது. தெரிந்ததால் மூக்கின் நுனி சிவந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், பல் பிடுங்கிக்கொண்டவர் மாதிரி.

"இன்னும் முடியலை" என்றாள் அக்கா தம்பியிடம். "அவளை யாரோ ஒரு மாலுமி வந்து கூட்டிட்டுப் போகக்கூடாது. தளபதியே தனியா ஒரு சின்னப் படகுல வரணும். வர்ற வழியில வாந்தி எடுக்கணும்."

"முடியாது!" கப்பித்தான் எழுந்து நின்றார். "படிக்கறவங்க என்ன நினைப்பாங்க? அப்பேர்ப்பட்ட வீரன்..."

"அப்ப செத்தவ செத்தவளாவே இருக்கட்டும். டேய், மோர் ஊத்திக்க."

தம்பிதான் வழி சொன்னான். ஒற்றைக்கண் துணியைக் கழற்றி வைத்துவிட்டு ரொம்ப அக்கறையான முகத்துடன் சொன்னான்: "மாமா, நீங்க எழுதறவரு. உங்களுக்கு வாந்தி வரலைன்னா தளபதிக்கும் வராது. நியாயம்தானே? நாளைக்கு ஒரே ஒரு நடை நம்ம படகுல அக்கரைக்கு வாங்க. சும்மா கல்லு மாதிரி உக்காந்து போயிட்டு வந்துட்டா, அக்கா அப்படியே ஒத்துக்கும். இல்லையா அக்கா?"

அக்கா மோரைக் குடித்தபடி தலையை ஆட்டினாள்.

கப்பித்தான் சிக்கிக்கொண்டார். வராது என்று சொன்னவர் அவர்தான். அதை உலகத்திலேயே எல்லாரையும் விடக் குறைவாக நம்பியவரும் அவர்தான்.

மறுநாள் கூண்டு ஜன்னலில் வேறொருவரை உட்கார வைத்துவிட்டுக் கப்பித்தான் படகுத்துறைப் பலகையில் நடந்து வந்தார். சலவைச் சட்டை. தலையில் எண்ணெய். முகத்தில் ஒரு தளபதிக் களை. வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் விலகி வழிவிட்டார்கள்; எவனோ ஒருவன் விறைப்பாக வணக்கம் வைத்தான். கப்பித்தான் ஏற்றுக்கொண்டார். படகின் நடுப்பெஞ்சில் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். எதிர்ப் பெஞ்சில் இவர் உட்கார்ந்தார். செத்தவள் இவரைப் பார்க்கவில்லை.

இன்ஜின் கிளம்பியது. கட்டு அவிழ்ந்து படகு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

தண்ணீரை அத்தனை வருஷத்தில் முதல்முறையாக முகத்துக்கு நேரே பார்த்தார் கப்பித்தான். தண்ணீரும் பார்த்தது. கரை இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. களை போயிற்று. நிறம் போயிற்று. எதிரே இருந்த ஒரு பெரியவர் அனுபவஸ்தர் போலிருக்கிறது, காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். கப்பித்தான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே தலையை நீட்டினார். அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. அவருடைய கடற்போர்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவ்வளவு முழக்கம் இருந்ததில்லை என்று மட்டும் சொல்லலாம். தம்பி இன்ஜினை மெதுவாக்கினான். சிரிக்கத் தயாராக வந்திருந்த ஊர்க்காரர்களுக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. ஒருவர் துண்டை எடுத்து நீட்டினார்.

பாதி ஆற்றில் கப்பித்தான் தலையைத் தூக்கினார். மீசை ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர்.

"ஒரு கயிறு போட்டிருக்கலாம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை. "போடணும்னு தோணவே இல்லை எனக்கு."

மனைவி பைக்குள் கையை விட்டாள். கத்திரிக்காய்க்கு அடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினாள்.

"சாப்பிடுங்க. வயிறு அடங்கும், சொல்லிட்டேன்."

படகில் இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். செத்தவள் பேசிவிட்டாளே!

திரும்பி வருகிற நடையில் இன்னொரு தரம் ஆயிற்று. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

கடைசி அத்தியாயத்தைக் கப்பித்தான் இரண்டு நாள் படுத்துக்கொண்டே எழுதினார். மனைவி சமையலறை மேடையில் நின்று படி எடுத்தாள். பாய் மறுபடியும் உள்ளே விரிந்தது. அச்சகத்துப் பெண் தாளைப் பார்த்து முகம் மலர்ந்தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. வாசித்துக்கொண்டே அடித்தாள். தளபதி தனியாகப் படகில் வருகிறான், விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை நீட்டுகிறான், கரையில் பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சமையல்காரி நிற்கிறாள். கடைசி வரியில் அச்சகத்துப் பெண்ணின் கை நின்றுவிட்டது. அச்சகத்துக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வீட்டுக்கு போன் போட்டார்.

"அம்மா, எழுத்தெல்லாம் தெளிவா இருக்கு. ஆனா கடைசியில 'தளபதி வாழையை உரித்தான்'னு இருக்கு. வாளை உருவினான்னு திருத்திடட்டுமா?"

"கை வெச்சீங்கன்னா தெரியும். வாழைதான், சொல்லிட்டேன்."

புத்தகம் வந்தது. அட்டையில் கப்பித்தானின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. படி எடுத்தவர் பெயர் எங்கேயும் இல்லை. அதைக் கப்பித்தான் கவனிக்கவும் இல்லை. வாந்தி எடுத்த மனிதர்கள் எல்லாம் திருந்திவிடுவதில்லை. எல்லாரும் புகழ்ந்தது கடைசி அத்தியாயத்தை மட்டும்தான். அதற்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டியபடி, டிக்கெட் வாங்க வந்தவரிடம் விளக்கினார்.

"முந்தின அத்தியாயத்துல வாழைன்னு வந்துதே, அதை எல்லாரும் பிழைன்னு நினைச்சுச் சிரிச்சாங்க. அது பிழையே இல்லைங்க. கடைசியில வரப்போறதுக்கு நான் முன்னாடியே போட்டு வெச்ச குறிப்பு. அதெல்லாம் எழுத்துல ஒரு நுட்பம்."

வந்தவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அந்தக் கருமுயல் எதுக்கு சார்?"

"ஆராய்ச்சி நடக்குது" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார் கப்பித்தான்.